ஹாலி நிலையத்து ஓசோன் குறிப்பேடு

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

1993-ஆம் ஆண்டு. அண்டார்க்டிகாவில் வெட்டல் கடலை ஒட்டி நிமிர்ந்து நிற்கிற பனிச்சுவர் ஒன்று. அதற்குள்ளிருந்து எஃகுக் குழாய்கள் வெளியே துருத்திக்கொண்டு வந்தன. பத்து வருஷத்துக்கு முன்னால் அந்தக் குழாய்களுக்குள்தான் மனிதர்கள் சமைத்தார்கள், சாப்பிட்டார்கள், தூங்கினார்கள். அது ஹாலி என்கிற பிரிட்டிஷ் ஆய்வு நிலையத்தின் மூன்றாவது கட்டடம். 1973-இல் பனியின் மேலே கட்டியது, பனிக்குள் புதைந்து, நகர்ந்து நகர்ந்து, கடைசியில் கடலோரத்தில் தலைகாட்டியது.

கட்டடம் எப்படி நகரும் என்று கேட்பீர்கள். ஹாலி நிலையத்துக்குக் கீழே பாறையோ மண்ணோ கிடையாது. பிரண்ட் பனித்தட்டு என்ற பிரம்மாண்டமான பனிப்பலகைமேல் அது உட்கார்ந்திருக்கிறது. நூறு மீட்டருக்கும் அதிகமான தடிமன், அதற்கடியில் கடல். நிலத்திலிருந்து வழிந்து வருகிற பனி பின்னாலிருந்து தள்ளத் தள்ள, அந்தப் பலகை வருஷத்துக்குப் பல நூறு மீட்டர் கடலைப் பார்த்து நகர்கிறது. மேலேயோ, வருஷத்துக்கு ஒரு மீட்டருக்கும் கூடுதலாகப் பனி சேர்கிறது. அங்கே பெய்த பனி உருகாது. ஆகவே அதன்மேல் என்ன கட்டினாலும் மெல்ல மெல்லக் கீழே போய்விடும்.

தெரிந்தேதான் அங்கே போனார்கள். 1957, 58-இல் பல நாடுகள் சேர்ந்து சர்வதேச புவி இயற்பியல் ஆண்டு கொண்டாடின. அதற்காக லண்டன் ராயல் சொசைட்டி என்கிற அறிவியல் சங்கம் அனுப்பிய குழு 1956 ஜனவரியில் அங்கே இறங்கியது. வால்வெள்ளியால் நாம் அறிந்த எட்மண்ட் ஹாலி பிறந்து அந்த ஆண்டோடு முந்நூறு வருஷம். அவர் பெயரையே வைத்தார்கள். துருவ ஒளி தோன்றும் வட்டத்துக்கு அடியில் வருகிற இடம் என்பதால் மேல் வளிமண்டலத்தைப் படிக்க மிகவும் தோதான இடம்.

முதலில் மரக் குடில். அது புதைந்ததும் இரண்டாவது. பிறகு நான் சொன்ன எஃகுக் குழாய் வீடு. நான்காவதும் புதைந்தது. பனிக்கு மேலே வெறும் புகைபோக்கியும் கம்பங்களும் தெரிய, செங்குத்தான ஏணி வழியாகக் கீழே இறங்கித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். குடிதண்ணீருக்குப் பனியை வெட்டி ஒரு குழிக்குள் தள்ள வேண்டும். அடியில் இருக்கிற தொட்டி அதை உருக்கித் தரும். விஞ்ஞானி, சமையல்காரர், மருத்துவர் என்ற பேதமில்லாமல் எல்லோரும் முறைவைத்து மண்வெட்டி பிடித்தார்கள். ஒருநாள் விட்டால் மறுநாள் டீ கிடையாது. குளிர்காலத்தில் மூன்று மாதத்துக்கும் மேலே சூரியனே எழாது. கடைசியாக அஸ்தமிக்கிற நாளில் அங்கே இருப்பவர்களில் மூத்தவர் கிழிந்துபோன கொடியை இறக்குவார். சூரியன் திரும்பி வருகிற நாளில் இளையவர் புதுக் கொடியை ஏற்றுவார்.

இவ்வளவு பாடுபட்டு அங்கே செய்த வேலைகளில் ஒன்றைப் பற்றித்தான் இன்று முக்கியமாகப் பேச வந்தேன். சூரியனின் புற ஊதாக் கதிர்களை வானத்திலேயே தடுக்கிற ஓசோன் வாயுவை அளக்கிற வேலை அது. நான் வானிலைத் துறையில் வேலை பார்த்தவன். ஓசோனை அளக்கிற டாப்சன் கருவியைக் கையால் திருப்பியவன். அதனால் இந்தக் கதை என் மனசுக்கு ரொம்ப நெருக்கம்.

டாப்சன் கருவி ஆள் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவான ஓர் உலோகப் பெட்டி. சூரிய வெளிச்சம் மேலே ஒரு சின்ன ஜன்னல் வழியாக உள்ளே போகும். அதிலிருந்து இரண்டு புற ஊதாக் கதிர்களைக் கருவி பிரித்தெடுக்கும். ஒன்றை ஓசோன் நன்றாக உறிஞ்சும், மற்றதை அவ்வளவாக உறிஞ்சாது. இரண்டும் சமமாகிற வரை ஒரு வட்டத் தட்டைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கண் முழுக்க முள்மேல். முள் நடுங்கும், ஒரு பக்கம் சாயும், விரல் நுனியால் கொஞ்சம் திருப்பினால் மறுபக்கம் ஓடும். அது பூஜ்யத்தில் நின்ற கணத்தில் தட்டில் உள்ள எண்ணைப் படித்து, நேரத்தோடு குறிப்பேட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. நம் கொடைக்கானலிலும் 1957 முதல் இதே கருவியில் இதே வேலை நடந்தது. ஹாலியில் கருவிக்குக் கனமான போர்வை சுற்றியிருப்பார்கள். சூரியன் இல்லாத மாதங்களில் நிலா வெளிச்சத்தை வைத்து அளப்பார்கள்.

தலைக்கு மேலே உள்ள ஓசோன் முழுவதையும் திரட்டித் தரைக்குக் கொண்டுவந்து பரப்பினால் மூன்று மில்லிமீட்டர் கனம்தான் வரும். அதை 300 டாப்சன் அலகு என்கிறோம். 1960-களில் ஹாலியின் அக்டோபர் மாதக் கணக்கும் சுமார் முந்நூறுதான். வருஷம் தவறாமல் எழுதினார்கள். எந்தப் புதுமையும் இல்லாத எண்கள். இதை எழுதி எழுதி யாருக்கு என்ன லாபம் என்று கேட்டவர்கள் எங்கள் காலத்திலும் உண்டு. கேட்டவர்மேல் தப்பில்லை, எங்களிடம் அப்போது பதிலும் இல்லை.

1977-இல் ஜோனதன் ஷாங்க்ளின் என்ற இளைஞர், ஹாலியை நடத்துகிற பிரிட்டிஷ் அண்டார்க்டிக் ஆய்வு நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தாள் தாளாகக் குவிந்து கிடந்த ஓசோன் கணக்குகளைக் கணினியில் ஏற்றுவது அவருக்கு வந்த வேலைகளில் ஒன்று. குளிர்பதனப் பெட்டியிலும் ஸ்ப்ரே டப்பாவிலும் உள்ள குளோரோ ஃபுளோரோ கார்பன் ஓசோனைச் சிதைக்கும் என்று மொலினா, ரோலண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1974-லேயே சொல்லியிருந்தார்கள். பொதுமக்கள் அலுவலகத்தைப் பார்க்க வருகிற நாளில், இந்த வருஷக் கணக்கும் இருபது வருஷத்துக்கு முந்தைய கணக்கும் ஒன்றுதான், பயப்பட வேண்டாம் என்று காட்டலாம் என்பது ஷாங்க்ளினின் எண்ணம். தாளை எடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்றாக இல்லை. அங்கே வசந்த காலமான அக்டோபரை ஒட்டிய எண்கள் மட்டும் இறங்கியிருந்தன.

முதல் சந்தேகம் கருவிமேல்தான் வந்தது. வேறொரு கருவி அனுப்பினார்கள். அதுவும் அதையே சொன்னது. வடக்கே வெகு தூரத்தில் இருந்த இன்னொரு பிரிட்டிஷ் நிலையத்தின் கணக்கையும் எடுத்துப் பார்த்தார்கள், அங்கேயும் இறக்கம். ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் 1985 மே மாதம் நேச்சர் இதழில் அதை வெளியிட்டார்கள். 1984 அக்டோபரில் ஹாலிக்கு மேலே இருந்த ஓசோன் 200 அலகுக்கும் கீழே போயிருந்தது. மூன்று மில்லிமீட்டர் இருந்த இடத்தில் இரண்டுகூட இல்லை.

அமெரிக்கச் செயற்கைக்கோளும் அதே வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. மிகக் குறைவான எண்கள் வந்தால் பிழையாக இருக்கலாம் என்று அதன் கணினி தனியே குறித்து வைத்தது. ஹாலி கட்டுரை வந்த பிறகு திரும்பிப் பார்த்தபோது, ஓசோன் மெலிந்துபோன அந்தப் பகுதி, ஓசோன் ஓட்டை என்கிறோமே அது, ஒரு கண்டத்தையே மூடியிருந்தது தெரிந்தது. தரையிலிருந்து இருபத்தைந்து வருஷத்துக்கும் மேல் ஒரே இடத்தில், ஒரே முறையில் அளந்ததால்தான் ஹாலிக்காரர்களால் இது பிழையில்லை என்று அடித்துச் சொல்ல முடிந்தது. இரண்டே வருஷத்தில், 1987-இல், குளோரோ ஃபுளோரோ கார்பன்களைக் கட்டுப்படுத்துகிற மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. இப்போது ஓசோன் மெல்ல மீண்டு வருகிறது. அண்டார்க்டிகாவுக்கு மேலே அது 1980-இல் இருந்த அளவுக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும் என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு.

நிலையத்தின் கதைக்கு வருகிறேன். ஐந்தாவது கட்டடத்துக்கு எஃகுக் கால் வைத்தார்கள். பனி ஏற ஏற வருஷா வருஷம் உயர்த்தினார்கள். 2013-இல் முறைப்படி திறந்த ஆறாவது, ரயில் பெட்டிகள் மாதிரி எட்டுத் துண்டுகள். ஏழு நீலம், நடுவில் ஒன்று சிவப்பு. சாப்பாடும் அரட்டையும் அந்தச் சிவப்புப் பெட்டியில். ஒவ்வொன்றுக்கும் ஹைட்ராலிக் கால்கள், காலடியில் பனிச்சறுக்குப் பலகைகள். நல்லவேளை, அப்படிக் கட்டினார்கள்! பல வருஷம் அசையாமல் கிடந்த ஒரு விரிசல் 2012-இல் மறுபடி நீள ஆரம்பித்தது. விட்டிருந்தால் நிலையத்துக்கும் நிலத்துக்கும் நடுவே பனி பிளந்திருக்கும். 2016-17 கோடையில் பெட்டிகளைத் தனித்தனியாகக் கழற்றி, டிராக்டர்களால் 23 கிலோமீட்டர் உள்ளே இழுத்துக் கொண்டுபோனார்கள். 2023 ஜனவரியில் அந்த விரிசல் வழியாகவே 1550 சதுர கிலோமீட்டர் பனி பிய்த்துக்கொண்டு கடலில் மிதந்தது. நிலையம் தப்பியது.

ஆனால் பனித்தட்டு எப்போது எங்கே பிளக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. குளிர்காலத்தில் விபத்து நடந்தால் விமானம் போய் ஆட்களைக் கொண்டுவருவது மிகவும் கடினம். அதனால் 2017 முதல் குளிர்காலத்தில் ஹாலியில் யாரும் தங்குவதில்லை. அறுபது வருஷமாக அறுபடாமல் வந்த குறிப்பேடு அந்தக் குளிர்காலங்களில் அறுந்துபோகுமோ என்று என்னைப் போன்றவர்களுக்குக் கவலையாக இருந்தது. 2019-இல் ஒரு வழி கண்டார்கள். ஒரு சிறிய டர்பைன், எரிபொருள் தொட்டி, தானே அளக்கும் கருவிகள். கோடையில் ஆட்கள் கிளம்பும்போது அதை ஓடவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு வருகிறார்கள். வெளியே மைனஸ் ஐம்பது டிகிரிக்கும் கீழே போகிற இருட்டில், ஆளில்லாத அந்த நிலையத்தில் டர்பைன் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. கருவி வானத்தைப் பார்த்து எடுக்கிற எண் செயற்கைக்கோள் வழியாகக் கேம்பிரிட்ஜுக்கு வந்து சேர்ந்து, 1950-களில் தொடங்கிய அதே பட்டியலில் கடைசி வரியாக ஏறிக்கொள்கிறது.

நன்றி. வணக்கம்.