கடிகார முள்ளைச் சும்மா விட ஒரு சட்டம்

(அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸ் நகரில், தமிழ் நண்பர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். நான் நியூஜெர்சியிலிருந்து வருகிறேன். ஊரில் என் அம்மா தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கேற்றிவிட்டு எனக்குப் போன் போடுவார். கோடையில் அது எனக்குக் காலை எட்டரை. பையனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நிதானமாகப் பேசலாம். நவம்பர் முதல் ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பியதும் அதே போன் ஏழரைக்கு வந்து நிற்கும். ஒரு கையில் டிபன் பாக்ஸ், இன்னொரு கையில் அவனுடைய ஒற்றைச் சாக்ஸ். "அப்புறம் பேசுறேம்மா" என்றால், "போன வாரம் இதே நேரத்துக்குப் பேசினியேடா" என்பார். பல வருஷமாக விளக்கிப் பார்க்கிறேன். "ஏண்டா, சூரியனும் மாறிடுச்சா?" என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

உங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. இங்கே காலை எட்டு என்றால் ஊரில் இரவு எட்டரை. வருஷம் முழுக்க அதே பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். இது தானாக வந்த பாக்கியம் இல்லை, கடிகார முள்ளை நகர்த்த மாட்டோம் என்று 1968-இல் உங்கள் மாநிலச் சட்டமன்றம் போட்ட சட்டம். அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்.

அதற்கு முன்னால் நாடு இருந்த நிலையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். முதல் உலகப் போர் சமயத்தில், 1918-இல், அமெரிக்கா கோடை நேரத்தைக் கொண்டுவந்தது, அதாவது கோடையில் முள்ளை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி வைப்பது. விவசாயிகள் எதிர்த்ததால் அடுத்த வருஷமே அது போனது. இரண்டாம் போரில் திரும்ப வந்தது. போர் முடிந்ததும், அவரவர் இஷ்டம் என்று விட்டுவிட்டார்கள். மேற்கு வர்ஜீனியாவின் மவுண்ட்ஸ்வில்லிலிருந்து ஒஹாயோவின் ஸ்டூபன்வில் வரை 35 மைல் பேருந்துப் பயணம். வழியிலுள்ள ஊர்களின் நேரத்தை மதித்து நடப்பதென்றால், கைக்கடிகாரத்தை ஏழு தடவை திருப்ப வேண்டும். டிக்கெட் வாங்கியவருக்கு எத்தனை மணிக்கு வீடு போவோம் என்று சொல்ல யாராலும் முடியாது.

இந்தக் கூத்தை அடக்க 1966-இல் வந்ததுதான் சீர் நேரச் சட்டம். அது மாநிலங்களிடம் சொன்னது இதுதான்: கோடையில் எல்லோரும் ஒரே நாளில் முள்ளை நகர்த்துங்கள், வேண்டாம் என்றால் மாநிலம் முழுக்க முள்ளை நகர்த்தாத இயல்பு நேரத்திலேயே இருந்துகொள்ளுங்கள். இரண்டு நேர மண்டலங்களில் கிடக்கும் மாநிலங்களுக்கு 1972-இல் கொஞ்சம் சலுகை கொடுத்தார்கள். ஆனால் வருஷம் பூராவும் கோடை நேரத்தில் இருக்கிறேன் என்று எந்த மாநிலமும் சொல்ல முடியாது. அதற்கு மத்திய அரசு சட்டத்தைத் திருத்த வேண்டும்.

அரிசோனா 1967 கோடையில் ஒரு தடவை முள்ளை நகர்த்திப் பார்த்தது. ஜூன் மாதம் ஃபீனிக்ஸில் சூரியன் மறைய ஏழே முக்கால் ஆகிறது. அதை எட்டே முக்காலுக்குத் தள்ளினால்? வெயிலைச் சேமித்து யாருக்கு என்ன லாபம், இங்கே எல்லோரும் காத்திருப்பது அது தொலைவதற்குத்தானே. அடுத்த வருஷமே சட்டம் போட்டு விலகிக்கொண்டார்கள். ஹவாய் அதற்கு முன்பே விலகிவிட்டது.

ஆனால் உங்கள் மாநிலத்துக்குள்ளேயே ஒரு வேடிக்கை உண்டு. வடகிழக்கில் நவஹோ பூர்வகுடி மக்களின் நிலம் யூட்டா, நியூ மெக்சிகோ வரை நீள்வதால், அவர்கள் கோடையில் முள்ளை நகர்த்துகிறார்கள். அந்த நிலத்துக்கு நடுவே இருக்கும் ஹோப்பி பூர்வகுடி மக்கள் நகர்த்துவதில்லை. டூபா சிட்டி நவஹோ ஊர். ஒட்டினாற்போல் மொயன்கோப்பி, ஹோப்பி ஊர். ஜூலையில் நெடுஞ்சாலையின் இந்தப் பக்கம் பத்து மணி, அந்தப் பக்கம் ஒன்பது. செல்போன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும்.

சரி, மற்ற மாநிலங்கள் என்ன செய்கின்றன? 2018-இல் ஃப்ளோரிடா நிரந்தரக் கோடை நேரத்துக்குச் சட்டம் போட்டது. அதே வருஷம் கலிஃபோர்னியாவில் மக்களிடம் ஓட்டுக் கேட்டார்கள், நூற்றுக்கு அறுபது பேர் மாற்றத்துக்கு வழிவிடச் சொன்னார்கள். வாஷிங்டன் மாநிலம், டென்னசி, யூட்டா என்று ஏறக்குறைய இருபது மாநிலங்கள் வரிசையில் நிற்கின்றன. ஆரிகன் சட்டம் இன்னும் அழகு: கலிஃபோர்னியாவும் வாஷிங்டனும் வந்தால்தான் நானும் வருவேன் என்கிறது. இவை எல்லாவற்றிலும் 'மத்திய அரசு அனுமதித்தால்' என்று ஒரு வால் தொங்குகிறது. 2022 மார்ச்சில் செனட் எதிர்ப்பே இல்லாமல் அனுமதி மசோதாவை நிறைவேற்றியது. பிரதிநிதிகள் சபை அதை எடுக்கவே இல்லை. காலாவதியானது. நம்மூர்ப் பத்திரப் பதிவில் வில்லங்கச் சான்று வராமல் வீடு குடிபுகுந்ததாகச் சொல்லிக்கொள்வது மாதிரிதான் இந்தச் சட்டங்கள் எனக்குத் தெரிகின்றன.

மத்திய அரசு தயங்குவதற்கும் காரணம் இருக்கிறது. எண்ணெய்த் தட்டுப்பாட்டில் அன்றைய அதிபர் நிக்சன் கையெழுத்துப் போட்டு, 1974 ஜனவரி 6-ஆம் தேதி குளிர்காலத்திலும் கோடை நேரம் தொடங்கியது. டெட்ராய்டில் காலை ஒன்பதுக்குத்தான் விடிந்தது. பிள்ளைகள் டார்ச் லைட்டோடு பள்ளிப் பேருந்துக்கு நின்றார்கள். ஃப்ளோரிடாவில் விடியாத இருட்டில் வண்டி மோதிக் குழந்தைகள் இறந்தார்கள். அதோடு ஆசை விட்டுப்போயிற்று. 1975 ஏப்ரல் வரை என்று போட்ட திட்டத்தை அந்த அக்டோபரிலேயே அடுத்த அதிபர் ஃபோர்டு திருத்தி, குளிர்காலத்துக்கு இயல்பு நேரத்தைத் திரும்பக் கொடுத்தார்.

ஆகவே என் கட்சி இது. முள்ளைத் திருப்புவது நிற்க வேண்டும் என்றால், யார் அனுமதியும் தேவைப்படாத வழி 1966-லிருந்தே திறந்து கிடக்கிறது: இயல்பு நேரத்திலேயே இருந்துவிடுவது. தூக்க மருத்துவர்களின் அமெரிக்க அமைப்பும் 2020-இல் அதைத்தான் பரிந்துரைத்தது. விடியல் வெளிச்சம்தான் உடம்பின் கடிகாரத்தைச் சரியாக வைக்கிறது என்பது அவர்கள் வாதம்.

பிறகு ஏன் யாரும் வருவதில்லை? மாலை வெளிச்சத்தை விட மனசில்லை. கடைக்காரருக்கும் இல்லை, கோல்ஃப் ஆடுகிறவருக்கும் இல்லை. எனக்கும் லேசாக இல்லைதான், ஒளிப்பானேன். எங்கள் ஊர்ப் பூங்காவில் ஜூன் மாதம் எட்டரை வரை கிரிக்கெட் ஆடலாம். இயல்பு நேரம் வந்தால் ஏழரைக்கே பந்து கண்ணுக்குத் தெரியாது, கடைசி நாலு ஓவர் போச்சு. பக்கத்திலுள்ள நியூயார்க் வராமல் நியூஜெர்சி மட்டும் போனால் ரயிலேறி வேலைக்குப் போகிறவர்கள் பாடு திண்டாட்டம். இரண்டு மாநிலமும் சேர்ந்து போட வேண்டிய சட்டம் அது. அதில் சுலபமானது எதுவும் இல்லை.

ஜூனில் எங்களுக்கு நாலரைக்கு முன்பே விடிந்துவிடும் என்று என் மனைவி பயமுறுத்துகிறாள். அம்மாவிடம் போனில் சொன்னேன். "நாலரைக்கு நான் வாசத் தெளிச்சுக் கோலம் போட்டுடுவேனே, அதுல என்ன?" என்றார்.