தேவதை இல்லை, அணங்கு

[திரை: வெள்ளவத்தை, மழை. பஸ்ஸுக்குள்ள வாசிச்சுக்கொண்டிருக்கிற ஒரு பிள்ளை]

உங்கட தங்கச்சியின்ர பையிலயும் இப்பிடியொரு தடித்த இங்கிலிஷ் நாவல் இருக்கலாம். மனிசப் பெட்டை ஒருத்தி, அவளை விரும்புற ஃபேரி இளவரசன். எப்ப கழுத்தை நெரிப்பான் எண்டே தெரியாத காதல். "தேவதைக் கதைதானே" எண்டு அம்மா விட்டிடுவா. அந்தச் சொல்லிலதான் பிழை.

தேவதை வரம் தருவா. ஸ்கொட்லாந்து, அயர்லாந்துச் சனம் பயந்த ஃபேரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும். அதின்ர சாப்பாட்டில ஒரு வாய் வைச்சால் வீடு திரும்பேலாது. இரும்பைக் கண்டால் விலகும். பேர் சொல்லவே பயந்து "நல்ல சனம்" எண்டுதான் சொல்லுவினம்.

எங்களிட்ட இதுக்குச் சரியான சொல் இருக்கு: அணங்கு. காமத்துப்பாலின்ர முதல் குறளே, 1081, 'அணங்குகொல்' எண்டுதான் தொடங்குது. காதலியை முதல் கண்ட உடன காதலனுக்கு வாற சந்தேகம், இது வருத்திற தெய்வமோ எண்டது. அடுத்த குறளில அவள் திருப்பிப் பாக்கிறாள். 'தாக்கணங்கு' படையோட வந்த மாதிரி இருக்கு அவனுக்கு. மயக்கமும் பயமும் ஒரே சொல்லுக்குள்ள.

[திரை: காடு, இரவு, வெள்ளைக் குதிரை]

இந்த நாவல்களுக்கெல்லாம் மூத்தது டாம் லின் எண்ட ஸ்கொட்லாந்துக் கதைப்பாட்டு. மனிசப் பெடியன் டாம் லின் குதிரையால விழ, ஃபேரி இராணி பிடிச்சு வைச்சிருக்கிறா. ஏழு வருசத்துக்கு ஒருக்கா நரகத்துக்குக் கப்பம் கட்டோணும். இந்தமுறை தன்னைத்தான் குடுப்பினமோ எண்டு அவனுக்குப் பயம். அவன்ர பிள்ளையை வயித்தில சுமக்கிற ஜேனட், ஹலோவீன் இரவில வழியில காத்து நிண்டு, அவனைக் குதிரையால இழுத்துக் கட்டிப்பிடிக்கிறாள். அவன் பாம்பாகிறான். கரடியாகிறான். சிங்கமாகிறான். பழுக்கக் காய்ச்சின இரும்பாகிறான். கடைசியில தணலாகிறான். அவள் கையை விடேல்லை.

இரும்பும் கரியும்! இராவில இறைச்சிக்கறி கட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு வெளிக்கிடேக்க, பேய் அண்டாமல் இருக்க அம்மம்மா பார்சலுக்குள்ள வைச்சுவிடுறதும் ஒரு ஆணியும் கரித்துண்டும்தான். அந்த வரியை வாசிக்கேக்க எனக்கு உடம்பு சிலிர்த்துது.

[திரை: நூல் நூற்கிற ஒரு கை]

இலங்கைக்கும் ஒருத்தி இருக்கிறாள். மகாவம்சம் எண்ட பழைய பாளி நூல் சொல்ற குவேனி, மரத்தடியில நூல் நூற்ற இயக்கி, அதாவது யட்சி. இந்தியாவில இருந்து கப்பலில வந்த இளவரசன் விஜயன்ர ஆக்களைப் பிடிச்சு அடைச்சாள். கையில காப்பு நூல் கட்டியிருந்ததால தின்னேலாமல் போச்சு. பிறகு அதே விஜயனுக்காகத் தன்ர இனத்தையே காட்டிக்குடுத்தாள். ரெண்டு பிள்ளையளும் பெத்தாள். மதுரையில இருந்து பாண்டியன் மகள் வந்து இறங்கினதும், விஜயன் குவேனியைப் போகச் சொன்னான். மனிசரல்லாத அமானுஷ்யர் எண்டால் மனிசருக்கு எப்பவும் பயம், அதுதான் அவன் சொன்ன காரணம். பிள்ளையளோட லங்காபுரத்துக்குத் திரும்பினவளை, அவளின்ர சனத்தில ஒருத்தனே அடிச்சுக் கொன்றான்.

அந்தக் காதலில ஆபத்தான ஆள் ஆர்?

குவேனியின்ர பக்கம் நிண்டு ஆராவது தமிழில ஒரு இளையோர் நாவல் எழுதுங்கோ. முதல் பிரதி எனக்கு வேணும்.