உழைக்கிற உடம்புக்கும் பயிற்சி வேண்டும்

நடுவர் அவர்களே, வேலை முடித்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் காசிமேட்டு, ராயபுரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

உழைப்பவருக்குத் தனியாக உடற்பயிற்சி தேவையா என்பதுதான் இன்றைய தலைப்பு. "மூட்டை தூக்குறவனுக்கு எதுக்குய்யா ஜிம்மு?" என்று எதிரணித் தலைவர் கேட்டார், கைத்தட்டலும் வாங்கினார். தேவை என்று சொல்ல வந்திருக்கிறது எங்கள் அணி. வேலையே போதும் என்பதற்கு அவர் காட்டிய லண்டன் சாட்சியிலிருந்தே தொடங்குகிறேன்.

1953-ல் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடிப் பேருந்து ஊழியர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநரைவிட, படி ஏறி இறங்கிய நடத்துநருக்கு இதயநோய் குறைவு. உண்மைதான். ஆனால் அந்த நடத்துநர் செய்த வேலை என்ன? ஏறினார், டிக்கெட் கொடுத்தார், நின்றார், இறங்கினார். அவர் தோளில் 50 கிலோ மூட்டை இல்லை. அதே மாரிஸ் 1956-ல் சீருடை அளவுகளையும் எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பளவு இளவயதிலேயே பெரிதாக இருந்தது. அப்படியென்றால் எல்லாம் வேலையால் வந்த வித்தியாசம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

எதிரணி தொடாமல் விட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சுமார் பத்து ஆண்டுகள் கவனித்து, 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் உடம்பை அதிகம் அசைத்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் மரணமும் குறைவு. வேலையில் அதிகம் உழைத்தவர்களுக்கோ அவை கூடுதல். வருமானம், புகைப்பழக்கம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அதே முடிவுதான்.

ஏன் இப்படி? அரை மணி நேரம் வேகமாக நடந்தால் இதயத்துடிப்பு ஏறுகிறது, நின்றதும் இறங்குகிறது. ரத்தக்குழாய் தளர்கிறது. அதன்பின் சில மணி நேரத்துக்கு ரத்த அழுத்தமும் கொஞ்சம் குறைந்தே இருக்கிறது. மூட்டையைத் தூக்கும்போது என்ன ஆகிறது? மூச்சை அடக்கி, பல்லைக் கடித்துத் தூக்குகிறோம். அந்த நொடியில் அழுத்தம் சட்டென்று எகிறுகிறது. இறங்குவதற்குள் அடுத்த மூட்டை. எட்டு மணி நேரம், மே மாத வெயில், போதாத தண்ணீர், போதாத தூக்கம். உடம்பு தேறுவதே ஓய்வில்தான். அந்த ஓய்வு இல்லாத உழைப்பு தேய்மானம் மட்டுமே.

இந்த ஊர்க் குத்துச்சண்டைக்காரர்களைப் பாருங்கள். உழைப்பாளிக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள்தானே? வேலையே போதுமென்றால் அவர்கள் விடியற்காலையில் எழுந்து ஓடியதும் கயிறு தாண்டியதும் எதற்கு? மூட்டை தூக்கும் பலம் வேறு, மூன்று நிமிடச் சுற்றில் மூச்சுத் தாக்குப்பிடிப்பது வேறு என்று அவர்களுக்குத் தெரியும்.

"எங்க வீட்டுப் பொம்பளைங்க தண்ணி தூக்குறதே போதும்" என்றார் இன்னொரு நண்பர். லாரித் தண்ணீர் பிடிக்கும் அம்மாவைக் கொஞ்சம் கவனியுங்கள். 15 லிட்டர் குடம் என்றால் 15 கிலோ. எப்போதும் அதே இடுப்பு. பாரத்துக்கு ஈடுகொடுக்க முதுகெலும்பு மறுபக்கம் வளைகிறது, ஒரு பக்கத் தசை மட்டும் நாள்தோறும் இறுகுகிறது. நாலு குடத்தில் இரண்டையாவது மறு இடுப்பில் வைக்கலாம். அது வலியைக் குறைக்கும், பயிற்சி ஆகிவிடாது. இதயத்துக்கு வேலை கொடுக்க, வேகமான நடை வேண்டும்.

எவ்வளவு நடை? உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான வேகம், அதோடு இரண்டு நாள் தசைப்பயிற்சி. நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக்கூடாது. அதுதான் மிதமான வேகம். "நேரம் ஏது?" என்பார்கள். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை அந்த நிறுவனமே எடுத்துவிட்டது. ஐந்து ஐந்து நிமிடமாகவும் சேர்க்கலாம்.

சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் நடப்பதற்குத் தனிப் பலன் உண்டு. சுருங்கி விரியும் தசை இன்சுலினுக்குக் காத்திராமல் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. பயிற்சியின் பலன் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் நிற்கும். அதனால்தான் சர்க்கரை உள்ளவர்கள் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விடக்கூடாது.

தசைப்பயிற்சிக்கு நாற்காலி ஒன்று போதும். பிளாஸ்டிக் நாற்காலி என்றால் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், வழுக்கும். விளிம்புக்கு வந்து உட்கார்ந்து, பாதங்களை இடுப்பகலத்துக்கு வைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொள்ளுங்கள். மூச்சை விட்டபடி எழுந்து, மூன்று எண்ணிக்கொண்டே மெதுவாக உட்காருங்கள். பத்து முறை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி பத்து. பலரும் கோட்டைவிடுவது இறங்கும்போதுதான். தொப்பென்று விழுந்தால் தொடைக்கு வேலையே இல்லை. முட்டி இரண்டும் உள்பக்கம் சாய்ந்தால் முட்டிவலிதான் மிச்சம். முட்டி எப்போதும் கால்விரல் பார்க்கும் திசையையே பார்க்கணும். முப்பது வயதுக்குமேல் தசை மெல்லக் கரைகிறது. அறுபதில் கையூன்றாமல் எழுந்திருக்க இதுதான் முதலீடு.

கடைசியாக, "வலியோட வீட்டுக்கு வர்றவன்கிட்ட பயிற்சி செய்னு சொல்றது இரக்கமா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அவரை ஓடச் சொல்லவில்லை, படுக்கச் சொல்கிறேன். பாயில் மல்லாந்து, முட்டியை மடக்கி, பாதத்தைத் தரையில் ஊன்றி, புட்டத்தை இறுக்கி இடுப்பை உயர்த்தட்டும். தோளும் முட்டியும் ஒரே கோட்டில் வந்ததும் ஐந்து எண்ணி இறக்கட்டும். பத்து முறை போதும். இழுப்பு புட்டத்தில் தெரிந்தால் சரி. கீழ்முதுகில் தெரிந்தால் அளவுக்கு மீறித் தூக்குகிறார் என்று பொருள், பாதி உயரத்தில் நிறுத்தட்டும். வலி காலுக்கு இறங்கினாலோ கால் மரத்தாலோ பயிற்சியை விட்டுவிட்டு மருத்துவரைப் பார்க்கட்டும்.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடக்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். சட்டைப்பையில் மூன்று ஸ்பூன் சர்க்கரை இருக்கட்டும். ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, கை நடுங்கி வியர்த்தால் உடனே வாயில் போடுங்கள். நெஞ்சு இறுகினாலோ, இடக்கைக்கும் தாடைக்கும் வலி பரவினாலோ, அந்த இடத்திலேயே உட்கார்ந்து 108-ஐ அழையுங்கள். "வாயுப்பிடிப்புதான்" என்று வீடுவரை நடந்து போகாதீர்கள்.