காலி இடத்தைக் கட்டும் வேதியியல்

[திரையில்: சிறு கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் தூள்]

இந்தக் குப்பியில் இருப்பது சில கிராம் தூள்தான். ஆனால் இதன் உட்பரப்பை எல்லாம் விரித்துப் போட்டால் ஒரு கால்பந்து மைதானம் அளவுக்கு வரும். பெயர் மாஃப்-5. உலோக அயனிகளை மூட்டுகளாகவும் கரிம மூலக்கூறுகளைக் கம்பிகளாகவும் வைத்துக் கட்டிய சட்டகம் இது. இப்படிப்பட்ட உலோக-கரிமச் சட்டகங்களுக்கு ஆங்கிலச் சுருக்கப் பெயர்தான் மாஃப் (MOF). வேலை செய்வதெல்லாம் நடுவில் இருக்கும் காலி இடம்.

[திரையில்: துளையிட்ட மரப் பந்துகள், குச்சிகள்]

1974, மெல்போர்ன் பல்கலைக்கழகம். மாணவர்களுக்குக் காட்ட மரப் பந்துகளில் மூலக்கூறு மாதிரிகள் தேவைப்பட்டன. எந்தப் பந்தில் எங்கே துளை போட வேண்டும் என்று ரிச்சர்ட் ராப்சன் குறித்துக் கொடுத்தார். குச்சிகளைச் செருகிப் பார்த்தபோதுதான் அவருக்குப் பொறி தட்டியது: துளை சரியான இடத்தில் இருந்தால் போதும், மாதிரி தானாகவே சரியான வடிவத்துக்கு வந்துவிடுகிறது. நிஜ மூலக்கூறுகளும் இப்படிக் கோத்துக்கொள்ளுமா?

அதைச் சோதித்துப் பார்க்கவே பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. செம்பு அயனியோடு நான்கு கை கொண்ட ஒரு மூலக்கூறைச் சேர்த்தார். வைரத்தின் அமைப்பில் ஒரு படிகம் வந்தது. உள்ளே பெரிய பெரிய அறைகள். 1989-இல் அதை வெளியிட்டார்.

ஆனால் அது உறுதியில்லாத கட்டடம், எளிதில் குலைந்துவிடும். 1997-இல் ஜப்பானின் சுசுமு கிடகாவா, வாயு உள்ளே போய்த் திரும்பி வரும் சட்டகத்தைக் காட்டினார். 1999-இல் ஓமர் யாகி செய்ததுதான் நம் குப்பியில் உள்ள மாஃப்-5. துத்தநாகமும் டெரஃப்தாலிக் அமிலமும் சேர்ந்தது. ஆமாம், பெட் பாட்டில் பிளாஸ்டிக்குக்குப் போகும் அதே அமிலம்தான்! உள்ளே ஒன்றுமே இல்லாமல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கியும் சட்டகம் நின்றது. மூவருக்கும் 2025-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

[திரையில்: பாலைவனம், இரவும் பகலும்]

சரி, இதை வைத்து என்ன செய்யலாம்? மாஃப்-5க்கு ஈரம் ஆகாது. சிர்க்கோனியத்தில் செய்த மாஃப்-801 அப்படியில்லை. 20 சதவீத ஈரப்பதமே உள்ள காற்றிலிருந்தும் அது தண்ணீர் எடுக்கும் என்று 2017-இல் காட்டினார்கள். இரவில் நீராவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பகல் வெயிலில் விட்டுவிடும். அதைக் குளிர வைத்தால் தண்ணீர்.

இதுவரை பல்லாயிரம் மாஃப்கள் வந்தாயிற்று. ஆய்வுக்கூடத்தைத் தாண்டியவை சொற்பம். ஆகவே 'அதிசயப் பொருள்' என்று எதையாவது படித்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஈரத்தைத் தாங்குமா? டன் கணக்கில் செய்ய முடியுமா?

கனடாவில் பிறந்த கால்ஃப்-20 இரண்டிலும் தேறியிருக்கிறது. சிமென்ட் ஆலைப் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்க அதைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். புகையில் ஓரளவு ஈரம் இருந்தாலும் அது சமாளிக்கிறது. பிடித்த வாயுவை வெளியேற்ற நீராவி செலுத்தினால் போதும். துத்தநாகம், ஆக்சலேட், டிரையசோல், இவ்வளவுதான் அதன் சரக்கு. அரிய உலோகம் எதுவும் வேண்டியதில்லை.