தாகம் எடுக்காத வயது

[காட்சி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டுத் திண்ணை. மே மாதப் பிற்பகல். ஒரு பித்தளைச் சொம்பு.]

இந்தச் சொம்பில் அரை லிட்டர் தண்ணீர் பிடிக்கும். காலையில் நிரப்பி அம்மாவின் பக்கத்தில் வைத்தேன். மதியம் இரண்டு மணிக்கு வந்து பார்த்தால் வைத்தது வைத்தபடி இருக்கிறது. கேட்டால், "தாகமே எடுக்கவில்லையேடா, பிறகு எதற்குத் தண்ணீர்?" என்கிறார். அம்மாவுக்கு 74 வயது. அவர் சாக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே தாகம் எடுக்கவில்லை. சிக்கலே அதுதான்.

உடம்பில் தண்ணீர் குறைந்தால் தாகம் எடுக்க வேண்டும். கிருமி நுழைந்தால் காய்ச்சல் அடிக்க வேண்டும். காலில் முள் ஏறினால் சுருக்கென்று குத்த வேண்டும். வயது ஏற ஏற இந்த மூன்று எச்சரிக்கைகளும் மந்தமாகிவிடுகின்றன. கடலூரின் வெயில், மழை, பனி ஒவ்வொன்றிலும் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். வெயிலில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப்போகிறோம்.

[காட்சி: தேவனாம்பட்டினம் கடற்கரை. ஆளில்லாத மணல்.]

"கடலோரத்தில் இருக்கிறோம், நமக்கென்ன வெயில்" என்று வேலூர்க்காரர்களைப் பார்த்து இரக்கப்படுவது நம் ஊர் வழக்கம். மே 4 வாக்கில் கத்திரி தொடங்கியதும் அந்தப் பெருமை கரைந்துவிடும். காலையிலிருந்து நிலத்தின் மீது வரும் மேல்காற்று அனலாக அடிக்கும். அது ஓய்ந்தால்தான் கடற்காற்று உள்ளே வரும். வந்தாலும் ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். புழுக்கத்தில் வியர்வை காயாமல் வழிந்து மட்டும் போகிறது. தண்ணீர் இழப்பு உண்டு, குளிர்ச்சி இல்லை. முதியவர்களுக்கு வியர்வைச் சுரப்பிகளும் முன்போல் வேலை செய்வதில்லை. இரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இழப்பு இன்னும் கூடுதல். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்றால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

தண்ணீர் குடிக்காததற்குத் தாகம் மட்டும் காரணமில்லை. இன்னொரு காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: கழிவறை. அது கொல்லைப்புறத்தில் இருக்கும். முழங்கால் வலிக்கும். இரவில் மூன்று முறை எழுந்தால் விழுந்துவிடுவோமோ என்ற பயம். பண்ருட்டிக்குப் பஸ்ஸில் கல்யாணத்துக்குப் போவதென்றால் முதல் நாள் மாலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பெண்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் போய் "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று அறிவுரை சொல்வதில் பயனில்லை. கழிவறைச் சுவரில் ஒரு கைப்பிடி, போகும் வழியில் இரவெல்லாம் எரியும் ஒரு சிறு விளக்கு, படுக்கையறையில் ஒரு மூடியுள்ள பாத்திரம். முதலில் இவற்றைச் செய்யுங்கள். தண்ணீர் தானாக உள்ளே போகும். அன்றைய கணக்கைப் பகலிலேயே முடித்துவிட்டால் இரவில் எழுவதும் குறையும்.

எங்கள் வீட்டுக் கணக்கு, பகலுக்குள் மூன்று சொம்பு. காபி, ரசம், மோர் எல்லாம் அதற்கு மேல். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் சரி. அடர் மஞ்சளாக இருந்தால் போதவில்லை. ஆனால் இதயம் பலவீனமானவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. ஒரு நாளைக்கு எவ்வளவு என்று அவர்கள் மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இளநீர் யாருக்கும் கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கையும் தவறு. அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் அதை வெளியேற்ற முடியாத நிலையில் இருந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். நுங்கைப் பற்றி அம்மா தனியாக ஒரு சொற்பொழிவு ஆற்றுவார்; அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

[திரையில் பெரிய எழுத்தில்: 108]

வெயிலில் ஒருவர் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினாலோ, ஆளை அடையாளம் தெரியாமல் விழித்தாலோ, தொட்டால் உடம்பு கொதித்தாலோ, அதை "வயதாகிவிட்டது, உளறுகிறார்" என்று விட்டுவிடாதீர்கள். வெப்ப மயக்கமாக இருக்கலாம். உயிர் போகும் நிலை அது. உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை சும்மா இருக்க வேண்டாம்: நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி அல்லது ஈரத்துணி போர்த்தி, விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது; புரையேறிவிடும்.

[காட்சி: மழை. தென்பெண்ணை கரைபுரள ஓடுகிறது.]

ஐப்பசி பிறந்தால் நம் ஊருக்கு வேறு கவலை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்த பிறகு எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்று இங்கே எல்லோருக்கும் ஒரு கதை உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. அடுத்தடுத்த நாட்களில் தென்பெண்ணை ஊருக்குள் வந்தது. துறைமுகத்தில் கூண்டு ஏற்றிய பிறகு மருந்துக்கடையில் வரிசையில் நிற்பதில் அர்த்தமில்லை. ஐப்பசி முதல் தேதியே இரண்டு வாரத்துக்கான மாத்திரைகள் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி ஆணியில் தொங்க வேண்டும். மருந்துச் சீட்டின் நகல், மூக்குக் கண்ணாடி, டார்ச், காது கேட்கும் கருவிக்கு மாற்று பேட்டரி ஆகியவையும் அதிலேயே. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்குபவர்கள் கடைசி அட்டை தீரும்வரை காத்திருக்க வேண்டாம். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மின்சாரம் போனால் இன்சுலினுக்கு என்ன செய்வது? பெரிய மண்பானையில் பாதி ஈர மணல் நிரப்பி, அதற்குள் சிறு மண்சட்டி வைத்து, மருந்தை அதில் போட்டு மூடி, நிழலில் வைத்து, மணலை ஈரமாகவே வைத்திருங்கள். அறையைவிடச் சில டிகிரி குளிர்ச்சி கிடைக்கும். ஐஸ் கட்டியின் மேல் நேராக வைக்காதீர்கள். உறைந்துபோன இன்சுலினைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

வெள்ளம் வடிந்த பிறகுதான் நான் அதிகம் பயப்படுவேன். நீரிழிவு பல ஆண்டுகள் இருந்தவர்களுக்குப் பாதம் மரத்துப்போயிருக்கும். சேற்றில் கிடந்த கண்ணாடித் துண்டு கிழித்தது தெரியாது. மூன்றாம் நாள் போர்வையில் ஈரம் பார்த்துத்தான் தெரியும். செருப்பில்லாமல் தண்ணீரில் இறங்காதீர்கள். இரவில் காலைக் கழுவித் துடைத்து, முகம் பார்க்கும் கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். எலியின் சிறுநீர் கலந்த வெள்ள நீர் காயத்தின் வழியே உள்ளே போனால் எலிக்காய்ச்சல் வரும். கெண்டைக்கால் வலியும் கண் சிவப்புமாகக் காய்ச்சல் வந்தால், "வெள்ளத்தில் நடந்தேன்" என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள்.

காய்ச்சலும் இந்த வயதில் ஏமாற்றும். நோய் உள்ளே முற்றியிருக்கும். தெர்மாமீட்டரோ 99-ஐக் காட்டிக்கொண்டிருக்கும். திடீர்ச் சோர்வு, சாப்பாட்டை ஒதுக்குவது, காரணமில்லாமல் விழுவது, புதிதாக வந்த மனக்குழப்பம் ஆகியவற்றையே காய்ச்சலாக எண்ணி மருத்துவரிடம் போங்கள். டெங்குவாக இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை கூடாது. இரத்தக் கசிவை அவை கூட்டும். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தொடர்வதா நிறுத்துவதா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

[காட்சி: மார்கழி விடியல். வாசலில் கோலம்.]

மார்கழி சிறியதுதான். நம் ஊர்ப் பனி ஊட்டிப் பனி இல்லை. ஆனாலும் குளிரில் இரத்தக் குழாய் சுருங்கும், அழுத்தம் ஏறும். நான்கு மணிக்குத் துள்ளி எழுந்து தண்ணீர் தெளித்த வாசலில் குனிய வேண்டுமா? கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு எழுந்து, வெளிச்சம் வந்ததும் கோலம் போடுங்கள். ஆண்டாள் கோபித்துக்கொள்ள மாட்டாள். இருட்டும் ஈர சிமெண்டும்தான் இந்த மாதத்தில் இடுப்பெலும்பை உடைக்கின்றன.

[காட்சி: மறுபடியும் திண்ணை. அம்மாவின் கையில் செல்பேசி.]

சென்னையிலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகள் தினமும் போனில் கேட்பது, "சாப்பிட்டீர்களா அம்மா?" பதில் எப்போதும் "ஆயிற்று". தண்ணீரைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. என் அக்கா இப்போது கேள்வியை மாற்றிக்கொண்டாள். மாலை நான்கு மணிக்கு அழைத்து, "எத்தனையாவது சொம்பு?" என்று கேட்கிறாள். அம்மா சொம்பைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார். நேற்று, "இரண்டரை" என்றார்.