கருணை இல்லை, கடமை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலையை முடித்துவிட்டு பஸ் பிடித்து வந்து உட்கார்ந்திருக்கும் மதுரைப் பெருமக்களே, வணக்கம். குடியுரிமை இல்லாதவருக்கு நம் அரசியலமைப்புச் சட்டம் தரும் பாதுகாப்பு கருணையா, கடமையா? கடமைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன், "வீட்டுக்கு வந்த விருந்தாளி போட்டதைச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும், அதட்டிக் கேட்கக்கூடாது" என்றார். கைதட்டலும் வாங்கினார். சரி, சோற்றை விடுங்கள். அந்த விருந்தாளியை ஒருவன் அடித்தால்? உழைத்த கூலியைக் கொடுக்காமல் விட்டால்? அப்போதும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா அண்ணே?

சட்டத்தையே பார்ப்போம். பேச்சுரிமை, நாட்டில் எங்கும் குடியிருக்கும் உரிமை எல்லாம் 19-ஆவது பிரிவில் இருக்கின்றன. அங்கே 'குடிமக்கள்' என்றுதான் எழுதியிருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சட்டத்தின் முன் சமம் என்கிற 14-ஆவது பிரிவும், உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காவலான 21-ஆவது பிரிவும் 'நபர்' என்று சொல்கின்றன. ஏதோ கைதவறி விழுந்த சொல் இல்லை அது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பது 22-ஆவது பிரிவு. அதில் விலக்கு வைக்க நினைத்தபோது, பகைநாட்டவர் என்று பெயர் சொல்லியே விலக்கியிருக்கிறார்கள். அப்படியானால் மற்ற அயல்நாட்டவர் எல்லாம் அந்தக் காவலுக்குள்தானே வருகிறார்கள்?

கோவலன் நம் ஊர்க்காரன் இல்லை, புகார்க்காரன். விசாரிக்காமல் வெட்டினார்கள். வெளியூர்க்காரன்தானே என்று பாண்டியன் தப்பிக்கப் பார்க்கவில்லையே.

எதிரணி அம்மா 2025-ஐ எடுத்துக் காட்டினார்கள். இலங்கைத் தமிழர் ஒருவர் தன்னை நாடு கடத்தக்கூடாது என்று கேட்டபோது, இந்தியா தர்மசத்திரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. உண்மைதான், எனக்கும் வலித்தது. ஆனால் அம்மா பாதியில் நிறுத்திவிட்டார்கள். இங்கே தங்கும் உரிமை 19-ஆவது பிரிவில் வருகிறது, அது குடிமக்களுக்கு மட்டும் என்றது நீதிமன்றம். அதோடு, அவர் சுதந்திரம் பறிக்கப்பட்டது சட்டப்படிதான், ஆகவே 21-ஆவது பிரிவு மீறப்படவில்லை என்றும் சொன்னது. 21 உனக்குக் கிடையாது என்று சொல்லவில்லை!

இன்னொரு வழக்கு. ஹவுரா ரயில் நிலையத்தின் பயணியர் விடுதியில் வங்கதேசப் பெண் ஒருவரைக் கூட்டுப் பலாத்காரம் செய்தார்கள். அவர் அயல்நாட்டவர், இழப்பீடு கிடையாது என்று வாதாடியது ரயில்வே. 2000-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 21-ஆவது பிரிவு அவருக்கும் உண்டு என்று 10 லட்சம் ரூபாயை உறுதி செய்தது. ரயில்வே அதைக் கருணை பொங்கியா கொடுத்தது?

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். என் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தவர் ஆனையூரில் உள்ள இலங்கைத் தமிழர் அகதிகள் முகாமில் இருக்கிறார். 1990-இல் கைக்குழந்தையாக ராமேஸ்வரம் வந்து இறங்கியவர். விரல் இடுக்கில் எப்போதும் சுண்ணாம்பு வெடிப்பு. ஒரு காண்டிராக்டர் பதினோரு நாள் கூலியை நிறுத்திவிட்டு, "நீ கேம்ப்காரன், எங்கே வேண்டுமானாலும் போய்ச் சொல்லிக்கொள்" என்றாராம். அதைச் சொல்லும்போது அவருக்குக் கோபம்கூட வரவில்லை. சுவருக்குப் பட்டி பார்த்துக்கொண்டே, "நாங்க புகார் கொடுக்கலாமா சார்?" என்று மெதுவாகக் கேட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் இந்த ஊர்த் தண்ணீர் குடித்தவர் கேட்கிற கேள்வியா இது? கருணை கருணை என்று நாம் சொல்லிச் சொல்லித்தானே அவரை இப்படிக் கேட்க வைத்திருக்கிறோம்!

கொடுக்கலாம். கட்டாய உழைப்பைத் தடுக்கும் 23-ஆவது பிரிவில் 'குடிமகன்' என்ற சொல்லே இல்லை. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்கினாலே அது கட்டாய உழைப்பு என்று ஆசிய விளையாட்டுப் போட்டித் தொழிலாளர் வழக்கில் 1982-லேயே தீர்ப்பு இருக்கிறது. இவருக்கோ பதினோரு நாளும் கூலியே இல்லை.

இருவரும் சேர்ந்து மனு எழுதினோம். தொழிலாளர் அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். ஆறு நாள் கூலி வந்துவிட்டது. மீதிக்கு வருகிற செவ்வாய்க்கிழமை கூப்பிட்டிருக்கிறார்கள், நானும் கூடப் போகிறேன். நன்றி, வணக்கம்.