பவர் கார்டை மாற்றினால் பாட்டு மாறுமா?

[திரை இருட்டு. 'ம்ம்ம்ம்' என்று ஒரு மெல்லிய ஓசை மட்டும்.]

இந்தச் சத்தம் கேட்கிறதா? ஹெட்ஃபோன் போட்டிருந்தால் நன்றாகவே கேட்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்கு ஒரு வேலை இருக்கிறது.

[மேசைமேல் இரண்டு பவர் கார்டுகள்.]

இடப்பக்கம் இருப்பது ஆம்ப்ளிஃபயர் வந்த பெட்டிக்குள்ளேயே இருந்த கறுப்பு கார்டு. வலப்பக்கம் இருப்பது நான் ஆசைப்பட்டு வாங்கியது. கட்டைவிரல் தடிமன், மேலே பின்னல் உறை, பிளக்கில் தங்க முலாம். மாட்டிய அன்று இரவு இரண்டு மணிவரை பாட்டுக் கேட்டேன். பேஸ் இன்னும் ஆழமாக இறங்கியது, பாடுகிறவர் ஓரடி முன்னால் வந்து நின்ற மாதிரி இருந்தது. பொய் இல்லை, எனக்கு அப்படித்தான் கேட்டது.

சரி, அந்தக் கார்டுக்குள் என்ன போகிறது? பாட்டு போகவில்லை. நொடிக்கு 50 அல்லது 60 சுற்றாக, முன்னும் பின்னும் மாறுகிற மின்சாரம் போகிறது, அவ்வளவுதான்.

[அனிமேஷன்: கம்பிக்குள் புள்ளிகள் நின்ற இடத்திலேயே நடுங்குகின்றன.]

1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரான்கள் முன்னும் பின்னும் அசைகிற தூரம், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்த ஆம்ப்பில் சுவர்ப்பக்கச் சுருளுக்கும் உள்பக்கச் சுருளுக்கும் கம்பித் தொடர்பே கிடையாது, காந்தப்புலம்தான் சக்தியைக் கடத்துகிறது. ஆக, "சுத்தமான செம்பு வழியே சுத்தமான இசை" என்று யாராவது சொன்னால், அந்தச் செம்பில் இருக்கிற ஒரு எலக்ட்ரான்கூட உங்கள் ஸ்பீக்கர் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்று சொல்லுங்கள்.

[ஆம்ப்பின் மூடி திறந்திருக்கிறது. உள்ளே இரண்டு உருளைகள்.]

ட்ரான்ஸ்ஃபார்மருக்கு அடுத்தது ரெக்டிஃபயர். அது அலையை ஒரே திசைக்குத் திருப்பி, டப்பா மாதிரி நிற்கிற இந்தக் கெப்பாசிட்டர்களை நிரப்புகிறது. பக்கவாட்டில் 10,000 மைக்ரோஃபேரட் என்று அச்சிட்டிருக்கிறது பாருங்கள். தண்ணீர்த் தொட்டி மாதிரிதான். மோட்டார் விட்டுவிட்டு ஓடினாலும் குழாயில் தண்ணீர் சீராக வருமில்லையா? அலை உச்சியைத் தொடும்போது மட்டும், நொடிக்கு 100 அல்லது 120 தடவை, இது கொஞ்சம் கொஞ்சமாக நிரம்புகிறது. ஸ்பீக்கருக்குப் போவதெல்லாம் இந்தத் தொட்டியில் இருந்துதான்.

"விட்டுவிட்டு இழுப்பதால்தான் தடிமனான கார்டு வேண்டும்" என்பார்கள். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுவிடலாம்.

[திரையில் எண்கள்.]

அந்தக் கறுப்பு கார்டு 0.75 சதுர மில்லிமீட்டர், நீளம் 2 மீட்டர். போய் வர 4 மீட்டர் செம்பு. அதன் மின்தடை சுமார் 0.09 ஓம். என் தடித்த கார்டு 2.5 சதுர மில்லிமீட்டர், அதில் 0.03 ஓம். ஆம்ப் ஒரு நொடிப்பொழுது 5 ஆம்பியர் இழுத்தாலும் இரண்டு கார்டுக்கும் இடையில் வித்தியாசம் 0.3 வோல்ட். 230 வோல்ட்டில் 0.3! பக்கத்து அறையில் ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பித்தாலே இதைவிடக் கூடுதலாக ஆடும்.

இன்னொன்று. சுவருக்குள்ளே 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் 20 மீட்டர் ஓடி வருகிறது என்று வையுங்கள், அதன் மின்தடை மட்டுமே 0.46 ஓம். இதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: "ஆம்ப் பக்கமிருந்து பார்த்தால் கார்டுதான் முதல் இரண்டு மீட்டர்." கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் மின்சுற்று ஒரு வளையம். அதில் முதலும் இல்லை, கடைசியும் இல்லை, எல்லா மின்தடையும் ஒன்றாகக் கூடும்.

சார்ஜர், எல்இடி பல்பு, டிம்மர் எல்லாம் லைனில் இரைச்சலைக் கலக்கின்றன, அது உண்மை. அதில் பெரும்பகுதியை ஆம்ப்பின் பவர் சப்ளையே வடிகட்டிவிடும். இரைச்சலைத் தடுக்கக் கார்டில் மாட்டுகிற ஃபெரைட் என்ற காந்தப்பொருள் வளையம் முக்கியமாக மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது, நம் காதோ 20 கிலோஹெர்ட்ஸோடு சரி. ரெக்கார்ட் பிளேயர் வைத்திருப்பவர்கள் மட்டும் கவனிக்கலாம். அதன் ஊசியில் இருந்து வருவது சில மில்லிவோல்ட்தான், பக்கத்தில் பவர் கார்டு கிடந்தால் பிடித்துக்கொள்ளும். கார்டை ஓரடி தள்ளிப் போடுங்கள், போதும்.

அப்படியானால் அந்த இரவு எனக்குக் கேட்டது என்ன?

கார்டை மாற்ற ஆம்ப்பை அணைக்க வேண்டும், பின்னால் போய்க் கழற்ற வேண்டும், மறுபடி போட வேண்டும். இதற்குள் இரண்டு நிமிடம் போய்விடும், பழைய சத்தத்தின் நுணுக்கம் காதில் தங்காது. வால்யூம் கால் டெசிபெல் கூடியிருந்தால், சத்தம் கூடியதாகத் தெரியாது, நன்றாக இருப்பதாகத் தெரியும். அதற்கு மேல் காசு கொடுத்த மனசு வேறு. இதையெல்லாம் விலக்கத்தான் ஏபிஎக்ஸ் சோதனை: ஏ, பி என்று இரண்டையும் கேட்டபின், பெயர் சொல்லாமல் தருகிற எக்ஸ் அதில் எது என்று காதால் மட்டுமே கண்டுபிடிக்க வேண்டும். டேவிட் கிளார்க் 1982-லேயே ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் இதழில் இப்படிப்பட்ட சோதனைக் கருவியைப் பற்றி எழுதினார்.

நானும் ஒரு எளிய வடிவத்தில் செய்து பார்த்தேன். ஆம்ப்பின் பின்பக்கத்தைத் துணியால் மூடிவிட்டு, நண்பன் நாணயம் சுண்டி ஏதாவது ஒரு கார்டை மாட்டினான். எது என்று நான் சொல்ல வேண்டும். 16 சுற்று. 12 சரியாகச் சொல்லியிருந்தால் யோசிக்கலாம், குருட்டாம்போக்கில் அந்த அளவு வர 4 சதவீத வாய்ப்புகூட இல்லை. நான் சொன்னது 9. ஏழாவது சுற்றில் "இதுதான் தங்கம், சந்தேகமே இல்லை" என்றேன். கறுப்பு.

ஆனாலும் ஒன்று நிஜமாகவே மாறியிருந்தது. முன்பு பாட்டுக்கு நடுவே கேட்ட அந்த 'ம்ம்ம்' போயிருந்தது. அது கற்பனை இல்லை.

[படம்: லேப்டாப், ஆம்ப், இரண்டுக்கும் எர்த், நடுவில் ஆடியோ வயர்.]

லேப்டாப் சார்ஜருக்கும் மூன்று பின், ஆம்ப்புக்கும் மூன்று பின். வேறு வேறு சாக்கெட். இரண்டு எர்த்துக்கும் இடையில் சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தாலே, ஆடியோ வயரின் வெளிக்கம்பி வழியாக ஒரு மின்னோட்டம் ஓடும். ஆம்ப் அதையும் பாட்டு என்று நினைத்துப் பெருக்கிவிடும். இதுதான் கிரவுண்ட் லூப். புது கார்டு மாட்டிய அன்று, வயரெல்லாம் சிக்கலாக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினேன். வேலை செய்தது போர்டு, பேர் வாங்கியது கார்டு. பழைய கறுப்பு கார்டை அதே போர்டில் போட்டுப் பார்த்தேன், ஓசை இல்லை.

ஒரு எச்சரிக்கை: எர்த் பின்னை உடைத்தாலும் இந்த ஓசை நிற்கும். செய்யாதீர்கள். உள்ளே லைவ் கம்பி அறுந்து உலோகப் பெட்டியைத் தொட்டால், உங்களைக் காப்பாற்றுவது அந்த எர்த்தான்.

கார்டை மாற்றியே ஆக வேண்டிய நேரமும் உண்டு. பிளக் தொட்டால் சுடுகிறது, சாக்கெட்டில் லொடலொடவென்று ஆடுகிறது, உறை வெடித்திருக்கிறது, பின் கருத்திருக்கிறது என்றால் உடனே மாற்றுங்கள். செம்பு பூசிய அலுமினியத்தைச் செம்பு என்று விற்பதும் நடக்கிறது, அதனால் தரச்சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக வாங்குவதற்கு முன் பழைய பிளக்கை நாலு தடவை கழற்றி மாட்டிப் பார்ப்பதும் நல்லது. உரசலில் பின்மேல் படிந்த அழுக்கே போய்விடும், சில நேரம் அதுதான் கோளாறு.

[திரை மறுபடி இருட்டு. 'ம்ம்ம்ம்'.]

இப்போது ஆம்ப்பில் இருப்பது கறுப்பு கார்டு. லேப்டாப் வேண்டுமென்றே வேறு சாக்கெட்டில் சார்ஜ் ஆகிறது. அந்தச் சார்ஜரை மட்டும் கழற்றுகிறேன்.

[டக். அமைதி.]